எழுத்துருக்களை எடுத்துவைக்காமல் இயங்குதளத்தை மாற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை
24.11.2025

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுவினருக்கும் நிர்வாகச் செயலாளர் அவர்களுக்கும்,

தீபாவளி விடுமுறை முடிந்து அக்டோபர் 22ஆம் தேதி, புதன்கிழமை காலை, திருவல்லிக்கேணி அலுவலகத்துக்கு வந்த அச்சுக்கோப்புப் பிரிவினர் ஐவரும் கணினிகளைத் திறந்தபோது, மூன்று வாரங்களுக்கு முன் ஆயுத பூசையன்று நாங்களே சந்தனமும் குங்குமமும் இட்ட அதே பெட்டிகளுக்குள் வேறோர் இயங்குதளம் இருந்தது. அறிவிப்புப் பலகையில் மூன்று வரிச் சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் பிரிவின் ஏழு கணினிகளும் லினக்ஸ் என்னும் கட்டணமில்லா இயங்குதளத்துக்கு மாற்றப்பட்டுள்ளன என்றும், இதனால் அறக்கட்டளைக்கு மூன்றரை லட்சம் ரூபாய் மிச்சம் என்றும், பணியாளர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நடந்தவற்றை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

இருமுறை நேரில் சொன்னேன். நவம்பர் 3ஆம் தேதி எழுத்திலும் கொடுத்தேன். எழுத்தில் பதில் வரவில்லை. அலுவலகத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியதைப் பொதுவில் எழுதுவது முறையா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கணினிகளில் இருந்தவை எங்கள் ஐவரின் சொந்தக் கோப்புகளாக இருந்தால் முறையல்ல என்று நானே ஒப்புக்கொள்வேன். இருந்தவையோ இருபத்தேழு ஆண்டுகளாக இந்த அறக்கட்டளை பதிப்பித்த நூல்களும் மாத இதழின் பக்கங்களும். அவற்றில் பாதிக்கு மேற்பட்ட நூல்களின் ஆசிரியர்கள் இன்று உயிரோடு இல்லை. அவர்களுடைய எழுத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியும் உரிமை அவர்கள் குடும்பத்தாருக்கும் நம் சந்தாதாரர்களுக்கும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘வயதானவர்களுக்குப் புதியது என்றாலே பிடிக்காது’ என்ற பேச்சு மாடியிலிருந்து என் காதுக்கு வந்தது. லினக்ஸுக்கு மாறியதை நான் எதிர்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 14.10.2025 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது உண்மை. நம் கணினிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் வாங்கியவை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெலின் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் அவற்றில் இல்லை. நல்ல நிலையில் ஓடுகிற ஏழு கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்றியது சரியான முடிவுதான். அதோடு, அவற்றுள் சிலவற்றில் உரிமம் வாங்காத மென்பொருள்கள் பல ஆண்டுகளாக இருந்ததை நாம் அனைவரும் அறிவோம். பிறருடைய பதிப்புரிமையை மதிக்கச் சொல்லி ஒவ்வொரு நூலின் இரண்டாம் பக்கத்திலும் அச்சிடும் நிறுவனம், தன் மேசைமேல் அப்படி ஒன்றை வைத்திருந்தது எனக்கு எப்போதுமே உறுத்தலாகத்தான் இருந்தது. அந்த வகையில் இந்த மாற்றம் பத்தாண்டு தாமதமாக வந்தது என்றுகூடச் சொல்வேன்.

என் முறையீடு மாற்றத்தைப் பற்றியதன்று, அது நடந்த விதத்தைப் பற்றியது. கணினியை மாற்றினீர்கள், அதற்குள் இருந்த தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை.

எழுத்துருக்களிலிருந்து தொடங்குகிறேன். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலிருந்து இந்த மாற்றத்தைச் செய்ய வந்த இளைஞர் ஏழு கணினிகளிலும் இருந்த ஆவணங்களை ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்துவிட்டுத்தான் பழையதை அழித்திருக்கிறார். தமக்குச் சொல்லப்பட்ட வேலையை அவர் ஒழுங்காகவே செய்தார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் எழுத்துருக்கள் ஆவணங்களோடு சேர்ந்து இருப்பவை அல்ல. விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் கோப்புறைக்குள் அவை இருக்கும். விண்டோஸை அழித்தால் அவையும் போகும். எங்களில் ஒருவர் அன்று அலுவலகத்தில் இருந்திருந்தால், அல்லது விடுமுறைக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால், ஒரு பென்டிரைவில் அடங்கிவிடக்கூடிய அந்தக் கோப்புறையை ஐந்து நிமிடத்தில் எடுத்து வைத்திருப்போம்.

எழுத்துரு போனால் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைப்பது இயல்பு, இன்று கைபேசியில் தமிழ் எழுதுகிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். இன்று எல்லோரும் எழுதுவது யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில். அதில் ‘அ’ என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே எண்தான், எழுத்துரு மாறினால் எழுத்தின் அழகு மாறுமே தவிர எழுத்து மாறாது. நம் நூல்களோ ஒருங்குறிக்கு முந்தைய முறையில் கோக்கப்பட்டவை. அம்முறையில் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய இடங்களில் உட்கார வைத்திருந்தார்கள். பலருக்கும் பழக்கமான பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று கோத்திருப்பதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற குறிகள்தான் திரையில் நிற்கும். அம்மாவைக் காண முடியாது. அக்டோபர் 22ஆம் தேதி நான் திறந்த முதல் கோப்பு, ஜனவரியில் மறுபதிப்பாக வரவேண்டிய நிகண்டு ஆய்வு நூல். 480 பக்கங்களிலும் இப்படித்தான் இருந்தது.

பாமினியாகவாவது இருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற பெயர்பெற்ற முறைகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகள் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. ஓப்பன் தமிழ் என்னும் கட்டற்ற (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள) நிரல் தொகுப்பிலும் இவற்றுக்கான மாற்றிகள் இருக்கின்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்களையும் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் ஏற்பாடுகள்) தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்தது. ஆனால் நம் அறக்கட்டளை கணினிக்கு வந்தது 1998இல். அப்போது எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளை இடம்மாற்றி வைத்திருந்தது. ஒருவர் எழுத்துருவில் ‘கு’ இருந்த இடத்தில் இன்னொருவர் ‘ணை’யை வைத்திருப்பார். நாம் வாங்கியது ஒரு சிறு நிறுவனத்தின் எழுத்துரு. அந்நிறுவனம் இன்று இல்லை. அதன் குறியேற்றத்துக்கு எந்தப் பொது மாற்றியிலும் அட்டவணை இல்லை. எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது இன்று எங்கள் ஐவரின் விரல்களிலும் அந்த எழுத்துருக் கோப்பிலும் மட்டுமே இருக்கிறது.

அந்தக் கோப்பு இன்னும் முழுவதுமாக அழியவில்லை என்பதே எங்கள் நம்பிக்கை. பின்கட்டில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால், 2006 முதல் நான் வேலை செய்த இரண்டு பழைய கணினிகள் கிடக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி, உரிமத்துடன் வாங்கிய பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருள், நம் எழுத்துருத் தொகுப்பு மூன்றும் அவற்றில் இருந்தன. அந்த எழுத்துருவைத் திறக்கும் டாங்கிள், அதாவது கணினியில் செருகும் சாவிக் கருவி, மேலாளரின் மேசை இழுப்பறையில் இருப்பதைச் சென்ற ஆண்டுகூடப் பார்த்தேன். அந்த அறையின் சாவியைக் கேட்டபோது, ‘அதையெல்லாம் ஸ்கிராப்புக்குப் பேசியாகிவிட்டது, மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வார்கள்’ என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. நான் இந்த மடலை அவசரமாக எழுதுவதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்தது விசைப்பலகை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களுக்கு இதுவே பிழைப்பு. எங்களில் மூவர், நானும் ஒருத்தி, தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ‘யளனகபக’ என்று இடதுகை விரல்களை நோகடித்துப் பழகி, தமிழ்த் தட்டச்சில் லோயரும் ஹையரும் தேறியவர்கள். மற்ற இருவர் தமிழ்99இல் அடிப்பவர்கள். புதிய கணினிகளில் வைத்துத் தரப்பட்டிருந்ததோ ஒலிபெயர்ப்பு முறை: ‘அம்மா’ வேண்டுமென்றால் அதை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். கைபேசியில் நாலு வரி அனுப்புகிறவர்களுக்கு அது வசதியாக இருக்கலாம். நாளுக்கு இருபத்தைந்து பக்கம் கோக்கிறவர், கையெழுத்துப் படியில் கண்ணை வைத்துக்கொண்டு, விசையைப் பார்க்காமல் அடிக்கிறவர், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனத்துக்குள் ஆங்கில எழுத்தாக்கி மறுபடி தமிழாக்குவது என்பது, வலக்கையால் எழுதுகிறவரை இடக்கையால் எழுதச் சொல்வதற்குச் சமம். முதல் வாரம் எங்களில் எவரும் நாளுக்கு ஏழு பக்கத்தைத் தாண்டவில்லை. ‘இந்தக் காலத்தில் இதுகூடத் தெரியாதா’ என்று கேட்கப்பட்டது. கேட்டவரை நான் குறிப்பிடப் போவதில்லை.

இதில் வேதனையான பகுதி இனிமேல்தான் வருகிறது. பழைய தட்டச்சு முறை, தமிழ்99 இரண்டுமே லினக்ஸில் உள்ளன. எம்17என் என்னும் விசைப்பலகைத் தொகுப்பில் இரண்டும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஒரு பைசா செலவில்லை. என் மகளுடன் படித்த ஒருவர், ஐஐடி வளாகத்தில் நடக்கும் லினக்ஸ் பயனர் குழுக் கூட்டங்களுக்குப் போய்வருகிறவர், ஒன்பதாம் நாள் மாலை அலுவலகத்துக்கு வந்து, ஒரு கணினிக்குப் பத்து நிமிடம் வீதம் செலவழித்து இதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார். இந்த ஒன்பது நாளில் பக்கக் கணக்கில் கூலி வாங்கும் இரு தோழியருக்கு அக்டோபர் மாதக் கூலி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. அவர்கள் வேகம் குறைந்ததற்கு அவர்கள் காரணமில்லை என்று நான் எழுத்தில் கொடுத்தும், ‘பக்கக் கணக்கு என்றால் பக்கக் கணக்குத்தான்’ என்ற பதில் வாய்மொழியாக வந்தது.

மூன்றாவதாக, நவம்பர் முதல் வாரத்தில் நடந்த மாற்றும் பணி. நாங்கள் ஏதோ முரண்டு பிடிப்பதாக எண்ணிக்கொண்டு, பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு மாணவரிடம் நிர்வாகம் ஒரு நூலைக் கொடுத்து, மாற்றித் தரச் சொன்னது. வேறொரு பெயர்பெற்ற எழுத்துருவில் கோத்திருந்த, பௌத்தம் பற்றிய நூல் அது; ஆகவே பொது மாற்றி ஒன்றில் போட்டதும் அரைமணியில் தமிழ் வந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் பிழையே தெரியாது. ஆனால் பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்துக்குத் தனி அடையாளம் கிடையாது. ‘கௌ’ என்று எழுத ஒற்றைக் கொம்பு, க, பிறகு ளகரம் என்று மூன்று துண்டுகளை வரிசையாக வைப்போம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் அச்சில் யாருக்கும் வேறுபாடு தெரிந்ததில்லை. மாற்றிக்கோ அந்த மூன்றாம் துண்டு ளகரமா, ஔகாரத்தின் பின்பாதியா என்று அறிய வழியில்லை. ளகரம் என்றே எடுத்துக்கொண்டது. விளைவு, பௌத்தம் பற்றிய நூலில் ‘பௌத்தம்’ என்ற சொல்லே இல்லாமல் போய், எல்லா இடங்களிலும் ‘பெளத்தம்’ ஆகிவிட்டது. ஔவையார் ‘ஒளவையார்’ ஆனார். மின்னூலாக வெளியிடும்போது, பௌத்தம் என்று தேடும் வாசகருக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காது.

மெய்ப்பு பார்ப்பவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும், அந்த மாணவர் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார். கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடங்களை எல்லாம் ஒரே கட்டளையில் ஔகாரமாக மாற்றினார். பௌத்தம் சரியாயிற்று, ‘வெளி’ போயிற்று. ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ என்றும், ‘வெளிச்சம்’ என்பது ‘வௌிச்சம்’ என்றும் ஆகி, நம் பெயருக்குக் கீழே இரண்டாம் பக்கத்தில் வழக்கமாக வரும் ‘வெளியீடு’ என்ற சொல் ‘வௌியீடு’ என்று நின்றது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் கேள்வி, இதை முன்கூட்டியே சொல்லக்கூடிய ஐந்து பேர் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எங்களிடம் ஏன் கேட்கப்படவில்லை என்பதுதான்.

பேஜ்மேக்கரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது; 2004இல் அதை மேம்படுத்துவதை அடோபி நிறுத்திவிட்டது. அதைவிட்டு நாம் என்றோ வந்திருக்க வேண்டும், அதில் எனக்கும் பங்குண்டு. பழகிய கை வேறொன்றைத் தொட மறுத்தது. இப்போது தந்திருக்கும் ஸ்கிரைபஸ் நல்ல மென்பொருள். தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறன் அதற்கு 2017இல் வந்த 1.5.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது, அச்சகங்கள் கேட்கும் பிடிஎஃப் எக்ஸ் வடிவத்திலும் கோப்பு தருகிறது. லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருள், ஸ்கிரைபஸ் இரண்டுமே பேஜ்மேக்கர் கோப்புகளை ஓரளவு திறக்கின்றன. நான் திறந்து பார்த்தவரையில் வெறும் உரை வருகிறது, அடிக்குறிப்புகளும் அட்டவணைகளும் சிதறிப்போகின்றன. உரைநடை நூலுக்கு அது போதும். மூலம், பதவுரை, அடிக்குறிப்பு என்று மூன்று அடுக்காகக் கோத்த நம் இலக்கிய உரைநூல்களுக்குப் போதாது. தவிர, ஒருங்குறி எழுத்துருவுக்கு மாறினால் வரி ஓட்டம் மாறும், வரி மாறினால் பக்கம் மாறும், பக்கம் மாறினால் பின்னிணைப்பில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு முழுவதும் பொய்யாகிவிடும். நிகண்டு நூலில் சொல்லடைவு மட்டும் 62 பக்கம்.

இன்னொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். கணக்குப் பிரிவின் கணினியை நீங்கள் தொடவில்லை. கணக்கு மென்பொருளும் மின்கையொப்பச் சாவியும் விண்டோஸில் அமைந்தவை என்பதால், அந்தப் பிரிவுக்கு மட்டும் விண்டோஸ் 11 உடன் புதிய கணினி வாங்கப்பட்டது. அது சரியான முடிவே. கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறீர்கள், அவர் தம் வேலைக்கு எது தேவை என்று சொல்லியிருக்கிறார், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பதிப்பகத்தில் கணக்கேட்டுக்குக் கிடைத்த அந்த ஒரு கேள்வி, நூல்களுக்குக் கிடைக்கவில்லை.

இதே அறக்கட்டளை முன்பு ஒருமுறை இதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்திருக்கிறது. 1998இல் ஈய எழுத்துகளை விட்டுக் கணினிக்கு வந்தபோது, கையால் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த நால்வரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று மாதம் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்பினார்கள். கணினி ஒத்துவராத இருவரை மெய்ப்பு பார்ப்பவர்களாக ஆக்கினார்கள். புதிய முறையில் இரண்டு நூல்கள் பிழையில்லாமல் வரும்வரை எழுத்துப் பெட்டிகளை விற்கவில்லை. மறு ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த இருவரில் ஒருவர்தான் எனக்கு ஒற்று மிகும் இடங்களையும், வரிக் கடைசியில் சொல்லை எங்கே முறிக்கக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுத்தார். அன்றைய அறங்காவலர்களுக்குக் கணினியைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வெளியிலும் முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் ‘ஜனயுகம்’ என்னும் மலையாள நாளிதழ் 2019இல் பக்க வடிவமைப்பு முழுவதையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. நம்மைப் போலவே அவர்களும் பேஜ்மேக்கர் வழியில் வந்தவர்கள், பழைய குறியேற்ற எழுத்துருக்களில் சிக்கியிருந்தவர்கள். அவர்கள் முதலில் ஒருங்குறி எழுத்துருக்களைத் தயார் செய்தார்கள், ஊழியர்களுக்கு ஸ்கிரைபஸ் பயிற்சி கொடுத்தார்கள், அதன் பிறகே மாறினார்கள். தினமும் பக்கம் முடிக்க வேண்டிய நாளிதழால் முடிந்தது, மாதம் ஓர் இதழும் ஆண்டுக்குப் பத்து நூலும் போடுகிற நம்மால் முடியாதா?

மாறாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலேயே சான்று உண்டு. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி 2013இல் என் மகளுக்குக் கிடைத்தது. அதில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் சென்னையிலேயே உருவாக்கி 2007இல் வெளியிட்டது; தமிழ் இடைமுகம்கூட அதில் உண்டு. கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டில் எது வேண்டும் என்று திரை கேட்கும். நான்கு ஆண்டில் ஒருநாள்கூட நாங்கள் பாஸைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் போய் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கட்டற்ற மென்பொருளை இலவச மென்பொருள் என்று மட்டும் படித்துக்கொண்டால் இப்படித்தான் முடியும். உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காகக் கற்றுக்கொள்வதற்கும் கோப்புகளை மாற்றுவதற்கும் ஆகும் செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. சுற்றறிக்கையில் கண்ட மூன்றரை லட்சத்தில் அந்தச் செலவு கழிக்கப்படவே இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

பின்கட்டில் உள்ள இரண்டு பழைய கணினிகளையும் பழைய இரும்புக்குப் போடுவதை இன்றே நிறுத்திவைக்க வேண்டும். அவற்றை இணையத்தோடு இணைக்காமல், அச்சுக்கோப்பு அறையில் ஒரு மூலையில் வைத்து, டாங்கிளையும் எங்களிடம் தந்தால், முதல் நாளிலேயே எழுத்துருக் கோப்புகளை மூன்று இடங்களில் நகலெடுத்து வைப்போம். வேறு எந்தக் கோரிக்கையை நீங்கள் மறுத்தாலும் இதை மறுக்காதீர்கள். இது ஒன்று மட்டும் பிறகு திருத்த முடியாதது.

நம் எழுத்துருவுக்குரிய குறியேற்ற அட்டவணையை நான் எழுதித் தருகிறேன். இருநூற்றுச் சொச்சம் குறிகள். எந்தக் குறி எந்த எழுத்து, எங்கெங்கே ஔகாரம் ஐயத்துக்குரியது என்று குறித்துக் கொடுக்க எனக்கு வேறு வேலையில்லாத மூன்று வாரம் வேண்டும். அதை வைத்து மாற்றி எழுத நிரலாளர் ஒருவரைச் சிறு தொகைக்கு அமர்த்துங்கள். எழுதி முடித்ததைக் கட்டற்ற உரிமத்தில் பொதுவில் வைக்கவும் அனுமதியுங்கள், இதே எழுத்துருவில் நூல் போட்டுத் திண்டாடும் சிறு பதிப்பகங்கள் சென்னையில் வேறும் இருக்கக்கூடும். மாற்றிய எந்த நூலும் மெய்ப்பு பார்ப்பவர் ஒருமுறை முழுவதும் படித்துக் கையொப்பமிடாமல் அச்சுக்கோ மின்னூலுக்கோ போகக் கூடாது. இப்போது விற்பனையில் உள்ள நூல்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இதழின் பழைய பக்கங்கள் காத்திருக்கும்.

ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு நான்கு நூல்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். புதிதாகக் கோக்கும் இரண்டை ஒருங்குறியில், ஸ்கிரைபஸில், குறித்த நாளில் முடித்துத் தர எங்களால் முடியும். நிகண்டு நூலையும் பௌத்த நூலையும் தள்ளிவையுங்கள். ‘வௌியீடு’ என்று அச்சிட்ட ஆயிரம் படிகளோடு அங்கே கடை போடுவதைவிட, அவ்விரு நூல்களும் அடுத்த காட்சிக்கு வருவது எவ்வளவோ மேல்.

ஐந்து பேருக்கும் ஸ்கிரைபஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் இரண்டு வாரப் பயிற்சி, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு தரப்பட வேண்டும். விசைப்பலகை அவரவர் பழகியதாக இருக்கட்டும். புதிதாகச் சேர்பவர்களுக்குத் தமிழ்99 என்று விதி வையுங்கள், அதை நான் ஆதரிப்பேன். பக்கக் கணக்கில் வேலை செய்யும் இரு தோழியருக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கும் பயிற்சிக் காலத்துக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான சராசரிக் கூலியைக் கொடுங்கள். குறைந்த தொகையை இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தர வேண்டும் என்று அவர்கள் சார்பில் அவர்கள் ஒப்புதலோடு கேட்கிறேன்.

கடைசியாக, அச்சுக்கோப்புப் பிரிவின் கணினி, மென்பொருள், எழுத்துரு ஆகிய எதையும் மாற்றும் முடிவை எடுக்கும் கூட்டத்தில் இப்பிரிவிலிருந்து ஒருவரும், மெய்ப்பு பார்ப்பவர்களிலிருந்து ஒருவரும் இருக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றுங்கள். அது நானாக இருக்க வேண்டியதில்லை.

பழைய கணினிகளைப் பற்றிய முடிவை நவம்பர் 28ஆம் தேதிக்குள்ளும், மற்றவற்றைப் பற்றிய பதிலை டிசம்பர் 10ஆம் தேதிக்குள்ளும் எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அச்சுக்கோப்புப் பிரிவில் 26 ஆண்டுகளாகப் பணிபுரியும் ஊழியர்
திருவல்லிக்கேணி, சென்னை